முன்கால் தப்பினால் சண்டை தப்பும்

சென்ட்ரலில் ஏறி கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயில், தண்டையார்பேட்டையையும் திருவொற்றியூரையும் தொட்டுக்கொண்டுதான் மீஞ்சூர், பொன்னேரி பக்கம் வரும். குத்துச்சண்டை மோகமும் இதே தடத்தில்தான் வடக்கே வந்தது என்பது என் கணிப்பு. சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) பழக நினைக்கிற பையனை நிற்கச் சொல்லிப் பாருங்கள். பாரம் முன்காலில், பாதம் லேசாக உள்வாங்கி. ஜாப் போட அருமையான நிலை. உதைக்காரனுக்கோ தலைவாழை இலை விருந்து.

முகமது அலியே இதில் மாட்டியிருக்கிறார். 1976 ஜூன் 26, டோக்கியோ. ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கி, 15 சுற்றில் பெரும்பகுதி தரையில் கிடந்தபடியே அலியின் காலை உதைத்துத் தள்ளினார். முடிவு டிரா. அலிக்குக் காலில் ரத்தம் கட்டி மருத்துவமனைக்குப் போகும்படி ஆனது. நான்கு வருடம் கழித்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆட சென்னை வந்தாரே, அதே கால்கள்தான்.

இன்றைய ஆயுதம் கெண்டைக்கால் உதை. தொடையில் சதை இருக்கிறது, நாலு அடி தாங்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் அப்படியில்லை. அங்கே நரம்பு எலும்பை ஒட்டியே ஓடுகிறது. சரியாக விழுந்தால் இரண்டு மூன்று உதையில் பாதம் சொன்னபடி கேட்காது. 2021 ஜனவரியில் அபுதாபியில் நடந்த எம்.எம்.ஏ. சண்டையில் டஸ்டின் போரியர், கானர் மெக்ரெகருக்குச் செய்தது இதுதான். முன்காலில் பாரம் ஏற்றி, குத்துச்சண்டைக்காரர் போலவே நின்றார் மெக்ரெகர். கால் செத்ததும் நகர முடியவில்லை, இரண்டாம் சுற்றில் போரியரின் குத்துகளில் விழுந்தார். எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவில் நின்றுவிட்டு வருகிற காலுக்கு இரண்டு உதைகூட வேண்டாம்.

முதல் மருந்து, 'செக்'. முன்கால் முட்டியைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பினால், உதைக்கிறவனின் கால் எலும்பு உங்கள் முட்டிக்குக் கீழுள்ள கெட்டியான எலும்பில் மோதும். 2013 டிசம்பரில் கிறிஸ் வைட்மன் இப்படித் தடுத்தபோது ஆண்டர்சன் சில்வாவின் கால் முறிந்தது. 2021 ஏப்ரலில் அதே வைட்மன் விட்ட முதல் உதையை யூரையா ஹால் தடுத்தார். இம்முறை முறிந்தது வைட்மனின் கால். ஆனால் பாரம் முன்காலில் இருக்கும்வரை காலைத் தூக்கவே வராது. ஆகவே திருத்த வேண்டியது நிற்கும் விதத்தைத்தான். பாரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள், முன்கால் பாதம் எதிராளியைப் பார்க்கட்டும். பாட்டிலை உருட்டி எலும்பைக் 'கெட்டியாக்கும்' வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதைவிடப் பெரிய மருந்து, தூரம். உதைக்கு இடம் வேண்டும், ஊன்ற ஒரு கால் வேண்டும். பின்வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கு இரண்டும் கிடைக்காது. 2017 டிசம்பர் 30 அன்று கபீப் நுர்மகமதோவ், உதைக்குப் பேர்போன எட்சன் பார்போசாவை மூச்சு விடாமல் கூண்டுச் சுவர்வரை தள்ளிப்போய்க் கீழே போட்டார். ஒரு நடுவர் 30-24 என்றே எழுதினார். உள்ளே போ, இல்லை வெளியே நில். நடுவில் நின்று யோசிப்பவன்தான் அடி வாங்குகிறான்.

நம் நாட்டுப் பாடம் பூஜா தோமர். உஷூவிலிருந்து வந்தவர், உதைதான் பலம். 2024 ஜூனில் யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. போட்டித் தொடரில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அடுத்த சண்டை 2025 மார்ச்சில் லண்டனில். ஷானா பானன் தரையில் அவர் கையைப் பூட்டி, இரண்டாம் சுற்றிலேயே முடித்தார். தரையில் பிடி விழுந்த பிறகு உதைக்கு வேலையில்லை.

சண்டைக்கு ஆறு வாரம் இருந்தால், உங்கள் ஊரில் கராத்தேயோ டேக்வாண்டோவோ பழகிய பையன் ஒருவனைப் பிடியுங்கள். வாரம் இரண்டு நாள், இருவருக்கும் ஷின் கார்டு, பாதி வேகம், உதை மட்டும். டீ செலவு உங்களுடையது.