செம்பும் வடிவமைப்பும்: ஈம்ஸ் அறிக்கையின் ஒரு பகுதி குறித்து

வடிவமைப்புக் கல்வியில் அறிவியலும் கலையும் மானிடத் துறைகளும் ஒன்றிணைய வேண்டும் என்னும் கருத்து, பெரும்பாலும் பாடத்திட்டச் சிக்கலாகவே பேசப்படுகிறது. எத்துறைக்கு எத்தனை தாள்கள் என்னும் கணக்கோடு விவாதம் முடிந்துவிடுகிறது. இந்திய அரசின் வேண்டுகோளுக்கிணங்க அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் அளித்த அறிக்கை இதனை வேறு நிலையில் அணுகியது. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அடிப்படையாக அமைந்தது இவ்வறிக்கையே. இதில் 'லோட்டா' எனப்படும் செம்பு பற்றிய பகுதி தனித்து ஆராயத்தக்கது.

இத்தகைய செம்பொன்றை இன்று திட்டமிட்டு உருவாக்குவதாயின் எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்று அறிக்கை அடுக்குகிறது. கொள்ளளவு, ஈர்ப்பு மையம், நீரின் ஓட்டம், வெப்பம் கடத்தும் இயல்பு ஆகியவை வருகின்றன. அவற்றினூடே இடுப்பில் அது பொருந்தும் வளைவு, கல்லில் வைக்கும்போது எழும் ஓசை, கண்மூடித் தொட்டால் தரும் இன்பம், பிறர்க்கு ஈயும்போது தோன்றும் உணர்வு ஆகியவையும் வருகின்றன. இயற்பியல் எங்கே முடிந்து அழகியல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் தலைப்பு எதுவும் இல்லை. இணைப்பு பாடத்திட்டத்தில் அன்று, வினாக்களின் வரிசையில் நிகழ்கிறது. அறிக்கையின் உண்மையான பங்களிப்பு இதுவே எனலாம்.

செம்பை எந்தத் தனிமனிதரும் வடிவமைக்கவில்லை, பல தலைமுறையினரின் கைகளில் அது உருப்பெற்றது என்றும் அறிக்கை கூறுகிறது. மொழியியலார்க்கு இது புதிய செய்தியன்று. சொல்லும் இலக்கணமும் உருப்பெறும் வழியும் அஃதே.

ஆயினும் வினாப்பட்டியலில் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. செம்பைக் கையாளும் கையின் அளவையும் வலிமையையும் பாலையும் கேட்கும் அறிக்கை, அதன் சாதியைக் கேட்கவில்லை. யார் தொட்ட கலத்தில் யார் நீர் பருகுவர் என்பதே இந்நாட்டில் கலத்தின் பயனை வரையறுத்த முதன்மையான கூறுகளுள் ஒன்று. உலோகக் கலம் துலக்கினால் தூய்மை பெறும், மண்கலம் பெறாது என்னும் நம்பிக்கை, பொருளைத் தேர்வதையே தீர்மானித்தது. மானிடவியல் உள்ளே வந்திருந்தால் 'துலக்குதல்' பற்றிய வினா வாயின் அகலத்தோடு நின்றிராது.

பெயர் பற்றிய வினாவும் பட்டியலில் இல்லை. தமிழில் 'செம்பு' முதலில் உலோகம். பின்னர் ஆகுபெயராய்க் கலம். 'பித்தளைச் செம்பு', 'வெள்ளிச் செம்பு' என்னும் வழக்குகள் மூலப்பொருள் மாறியும் பெயர் மாறாமையைக் காட்டுகின்றன. பொருளின் வரலாற்றை அறியச் சொல்லும் ஒரு சான்று என்பதை வடிவமைப்பு மாணவர்க்கு உணர்த்த இதனினும் எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்க்கு எஞ்சுவது 'டிசைன்' என்னும் சொல். நிறுவனத்தின் இந்திப் பெயர் ஆங்கிலச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. தமிழ் 'வடிவமைப்பு' என்றது. முற்பகுதியான 'வடிவம்' கண்ணுக்குப் புலனாவதை மட்டும் முன்னிறுத்துவதால், ஓசையும் எடையும் ஈகையும் அச்சொல்லுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. 'அமைப்பு' அவ்வாறன்று. 'அமைதல்' என்பதற்குப் பொருந்துதல், தகுதியாதல், நிறைதல் என்னும் பொருள்கள் உள்ளன. ஈம்ஸ் இணையரின் வினாக்கள் தேடுவனவும் இவையே. ஆனால் 'அமைப்பு' இன்று சங்கத்தையும் கட்டுமானத்தையும் குறிக்கப் பெருவழக்காகிவிட்டமையால், அதனைத் தனித்து ஆள்வது கடினம். அறிக்கையைத் தமிழாக்குவோர் 'வடிவமைப்பு' என்றே எழுத நேரினும், செம்புப் பகுதியிலேனும் வினையைப் பிரித்து 'அமைய', 'அமையுமாறு' என ஆளலாம்.