மொழி ஒன்று, நாடு இரண்டு: புரூத் நதியின் இரு கரைகள்

ஒரே மொழியைப் பேசும் மக்கள் ஒரே அரசின் கீழ் வாழ்தல் வேண்டும் என்னும் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா உலகுக்கு வழங்கிய கருத்துக்களுள் ஒன்று. ஒரு காலத்தில் அது பேரரசுகளைத் தகர்க்கும் ஆயுதமாயிருந்தது. இன்னொரு காலத்தில் அயலவனின் வீட்டைக் கொளுத்தும் கொள்ளியாகவும் இருந்தது. இவ்விரு பண்புகளையும் ஒருங்கே காணத்தக்க இடம் புரூத் நதிக்கரையாகும். நதியின் மேற்கே ருமேனியா; கிழக்கே மொல்டோவா. முன்னையதில் ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் மக்கள்; பின்னையதில் சுமார் 24 இலட்சம் மக்கள். பெரும்பான்மையோரின் தாய்மொழி இரண்டிலும் ஒன்றே. இவ்விரு நாடுகளும் இணைந்து ஒன்றாதல் வேண்டுமா என்பது, சோவியத் ஒன்றியம் கலைந்த காலந்தொட்டு ஓயாது எழும் வினா.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “இலக்கியம் ஒன்றாயிருக்கும்போது நாடு மட்டும் ஏன் இரண்டாயிருக்க வேண்டும், சேர்?” இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இணைப்பை வேண்டுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது இலக்கியத்தையே. எனவே இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம்.

மொல்தாவியா, வலாக்கியா என்னும் இரு சிற்றரசுகளின் இணைப்பே இன்றைய ருமேனியாவின் தொடக்கம். அவ்விணைப்பை வேண்டி வசிலே அலெக்சாந்திரி 1856இல் பாடிய கவிதை ஊர்தோறும் வட்டமிட்டு ஆடும் நடனப் பாட்டாகப் பரவியது. 1859இல் இரு அரசுகளும் அலெக்சாந்துரு இயோன் கூசா என்னும் ஒருவரையே தம் தலைவராகத் தெரிந்தன. கவிதை வென்றது எனலாம். ஆனால் அதன் பின் நிகழ்ந்ததை இணைப்பின் புகழ் பாடுவோர் விரைந்து கடந்து சென்றுவிடுகின்றனர். கூசா 1863இல் மடாலயங்களின் பெருநிலங்களை அரசுடைமையாக்கினார். 1864இல் குடியானவருக்கு நிலம் வழங்கும் சட்டத்தைக் கொணர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1866இல், அவர் பதவியினின்றும் அகற்றப்பட்டார். நாட்டை ஒன்றாக்கியவரை நாட்டின் செல்வர் பொறுத்துக்கொண்டனர். நிலத்தைப் பங்கிட முனைந்தவரைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

விளைவு யாது? 1894இல் ஜோர்ஜே கொஷ்புக், நிலம் கேட்டு எழும் குடியானவனின் குரலையே கவிதையாக்கினார். 1907இல் மொல்தாவியப் பகுதியின் ஃப்ளமன்ஸி என்னும் ஊரில் மூண்ட உழவர் எழுச்சி நாடெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான உழவரைச் சுட்டுக்கொன்ற படை அந்நியர் படையன்று. அவர்தம் மொழியையே பேசிய, அவர்தம் மைந்தரையே கொண்ட படை. மொழி ஒன்றாதலும் கொடி ஒன்றாதலும் பசியை ஆற்றமாட்டா என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, தேசிய மகாகவியாகப் போற்றப்படும் மிகாய் எமினெஸ்குவை நோக்குவோம். நதியின் இரு கரைகளிலும் அவருக்குச் சிலைகள் உண்டு. இணைப்புவாதிகள் அடிக்கடி எடுத்தாள்வது 1883இல் அவர் வெளியிட்ட ‘தொய்னா’ என்னும் கவிதையை. கிழக்கே நீஸ்டர் நதி முதல் மேற்கே டிசா நதி வரை தம் மக்கள் படும் துயரை அது முறையிடுகிறது. அம்முறையீட்டில் உண்மையான வேதனை உண்டு. ஆனால் அந்நியர் மீதான வெறுப்பும் உண்டு. வேதனையைப் போற்றி வெறுப்பை மறைப்பது திறனாய்வாகாது. அதே கவிஞர் 1874இல் ‘பேரரசனும் பாட்டாளியும்’ என்னும் நெடுங்கவிதையை யாத்தவர். பாரிஸ் கொம்யூன் எழுச்சியைப் பின்னணியாகக் கொண்ட அக்கவிதையில், செல்வரின் சட்டமும் அறமும் யாருக்காக ஆக்கப்பட்டவை என்று ஒரு பாட்டாளி கேட்கிறான். கவிதை இறுதியில் விரக்தியுள் அடங்கிவிடுகிறது என்பது மெய்யே. ஆயினும் இவ்விரு கவிதைகளுள் எதனை மேடையேற்றுகிறோம், எதனை மறந்துவிடுகிறோம் என்பது இலக்கியச் சுவை மட்டுமன்று, அது அரசியல்.

புரூத் நதிக்கும் நீஸ்டர் நதிக்கும் இடைப்பட்ட நிலம் 1812இல் ருஷ்யப் பேரரசின் கைக்குச் சென்றது. பெசராபியா என வழங்கிய அந்நிலம் புரட்சிக் காலத்தில், 1918இல், ருமேனியாவுடன் இணைந்தது. கிஷினாவில் கூடிய மக்கள் பேரவையில் இணைப்புக்கு ஆதரவாக 86 வாக்குகளும் எதிராக 3 வாக்குகளும் வழங்கப்பட்டன. 36 பேர் வாக்களியாது விலகியிருந்தனர். அன்றைய வாக்கு நிபந்தனையற்ற வாக்கன்று என்பது குறிப்பிடத்தக்கது. நிலச் சீர்திருத்தம், மாகாணத் தன்னாட்சி, சிறுபான்மையினர் உரிமை ஆகியன அதனோடு சேர்ந்திருந்தன. சைபீரியச் சிறைவாசம் கண்டவரும் பின்னாளில் நாவலாசிரியராக விளங்கியவருமான கொன்ஸ்டந்தீன் ஸ்தெரே அம்முடிவுக்காக முன்னின்று உழைத்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே நிபந்தனைகள் கைவிடப்பட்டன. நிலப்பங்கீடு ஓரளவு நடந்தது, தன்னாட்சி மறைந்தது. 1924இல் தெற்கே தத்தார்புனாரில் எழுச்சி மூண்டபோது படையே விடையாக வந்தது. அவ்வெழுச்சியின் பின்னணியில் கொமின்டேணின் கை இருந்தது உண்மை. ஆயின் மக்கள் குறையற்றிருந்த இடத்தில் எந்தக் கையும் தீ மூட்ட இயலாது. பின்னர் நடந்த பெருவழக்கை நேரிற் கண்ட பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்றி பர்பூஸ் ‘கொலைஞர்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே எழுதினார்.

அடுத்து வந்தது இன்னும் கொடியது. 1940இல் சோவியத் படை பெசராபியாவுள் புகுந்தது. 1941இல் ஹிட்லரின் துணைவனாக ருமேனியச் சர்வாதிகாரி அன்டொனெஸ்கு அதனை மீட்டார். ‘இழந்த மண் மீண்டது’ என்று அன்று எழுந்த ஆரவாரத்தின் கீழ் யூத மக்கள் நீஸ்டருக்கு அப்பால் துரத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1897ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கிஷினாவ் நகர மக்களுள் ஏறக்குறைய அரைவாசியினர் யூதர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ருமேனிய ஆட்சிக்குட்பட்ட நிலங்களில் 2 இலட்சத்து 80 ஆயிரம் முதல் 3 இலட்சத்து 80 ஆயிரம் வரையான யூதர் கொல்லப்பட்டனர் என்று, ருமேனிய அரசே நியமித்த ஆணைக்குழு 2004இல் கூறியது. எல்லைகள் இணைந்த நாளை மட்டும் கொண்டாடி, இணைந்தபோது அங்கு வாழ்ந்த மனிதருக்கு நேர்ந்ததை மறக்கும் வரலாறு அரைவரலாறேயாகும்.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் நமது வீட்டையும் கூட்டிப் பெருக்க வேண்டியவராயிருக்கிறோம். 1944இல் மீண்ட சோவியத் ஆட்சி, மொல்டோவ மக்கள் ருமேனியரின் வேறான தனி இனம் என்றும், அவர் மொழி தனிமொழி என்றும் நிறுவ முற்பட்டது. எழுத்து சிரிலிக் எழுத்தாக்கப்பட்டது. 1946–47இல் வறட்சியோடு தானியக் கொள்முதலும் சேர்ந்து பெரும் பஞ்சம் விளைந்தது. 1949 ஜூலையில் மட்டும் 35 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நாடுகடத்தப்பட்டனர். இவற்றைக் கண்டிக்க வேண்டிய பேனாக்கள் பல நாடுகளிலும் மௌனம் சாதித்தன. மொழியியல் உண்மையை அரசாணையால் மாற்றலாம் என்ற மயக்கத்திற்கு ‘விஞ்ஞானம்’ என்று பெயரிட்டவர் நம் அணியிலேயே இருந்தனர். பிற்போக்காளர் பொய்யுரைத்தால் அதை எதிர்த்து எழுதுகிறோம். நம்மவர் உரைத்த பொய்க்கு மட்டும் ‘சூழ்நிலை’ என்று விலக்களிப்போமாயின், நமது எழுத்தை மாணவர் ஏன் நம்புதல் வேண்டும்?

அப்பொய் சோவியத் ஒன்றியத்தோடு சாகவில்லை. 1994இன் அரசியல் யாப்பு அரசமொழியை ‘மொல்டோவ மொழி’ என்றே குறித்தது. 2003இல் ‘மொல்டோவ – ருமேனிய’ அகராதி ஒன்றும் வெளியாயிற்று. ஒரு மொழியின் சொற்களுக்கு அதே மொழியில் பொருள் எழுதி, அதனை இருமொழி அகராதி என்பது நகைப்புக்குரியது. 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சுதந்திரப் பிரகடனம் சுட்டிய ‘ருமேனிய மொழி’ என்ற பெயரே மேலானது எனத் தீர்ப்பளித்தது. 2023இல் பாராளுமன்றம் சட்டங்களிலும் அவ்வாறே திருத்தியது. மொழி ஒன்று என்பது இப்போது சட்டத்திலும் உறுதிப்பட்டுவிட்டது. அதனை நாமும் ஐயமின்றி ஏற்கிறோம்.

ஆனால் மொழி ஒன்று என்பதிலிருந்து அரசு ஒன்றாதல் வேண்டும் என்ற முடிவு தானே பிறக்குமா? பிறவாது என்பதே நமது துணிபு. மொல்டோவாவின் தேசிய கீதமாகிய ‘எமது மொழி’யை நோக்குக. அலெக்செய் மத்தேயவிச் என்னும் பாதிரியார் 1917இல் இயற்றியது அது. அவ்வாண்டிலேயே அவர் நோயுற்று இளவயதில் மறைந்தார். மொழியின் மாண்பை அடுக்கடுக்காகக் கூறும் அப்பாடல் அம்மொழியின் பெயரை ஓரிடத்திலும் கூறவில்லை. அதனாலேயே இணைப்பை வேண்டுவோரும் மறுப்போரும் ஒருங்கே எழுந்துநின்று அதைப் பாட முடிகிறது. இயோன் துருட்சாவின் ‘எமது நற்குணத்தின் சுமை’ என்னும் நாவலோ இன்னும் ஆழமாகச் செல்கிறது. சொரோகாச் சமவெளியின் சியுத்துரா என்னும் கிராமத்தில் வாழும் ஒனாக்கே கரபுஷ் என்னும் குடியானவனே அதன் நாயகன். ஆட்சிகள் மாறுகின்றன, அதிகாரிகள் மாறுகின்றனர், அவன் உழவேண்டிய நிலம் மட்டும் அங்கேயே இருக்கிறது. எந்தத் தலைநகர் தன்னை ஆள்கிறது என்பதிலும், தன் விளைச்சலை எவன் எடுத்துச் செல்கிறான் என்பதே அவனுக்குப் பெரிது. இலக்கியம் நமக்கு அளிக்கும் சான்று இதுவே. ஒரே நாடு என்ற ஆணையன்று.

மேலும், மொல்டோவாவில் வாழ்வோர் எல்லோரும் அம்மொழியினர் அல்லர். 1989 ஓகஸ்ட் 31இல் அரசமொழிச் சட்டம் நிறைவேறி லத்தீன் எழுத்து மீண்டபோது, பெரும்பான்மையினருக்கு அது நீதியாய்த் தோன்றியது. ருஷ்யரும் உக்ரேனியரும் ககவுசியரும் அதிலே தமது நாளைய இழிநிலையைக் கண்டனர். மொழிச் சட்டமொன்று அடுத்த வீட்டாரின் நெஞ்சில் எத்தகைய அச்சத்தை விதைக்கும் என்பதை, 1956ஆம் ஆண்டினைக் கண்ட நமது நாட்டு வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ருமேனியாவுடன் இணைப்பு வரும் என்ற அச்சத்தை ஆதிக்க சக்திகள் நன்கு பயன்படுத்தின. 1992இல் நீஸ்டர்க் கரையில் நடந்த போரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ருஷ்யப் படை அங்கு நிலைகொண்டது. துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ககவுசியருக்கு 1994இல் தன்னாட்சி வழங்கிய சட்டம், நாட்டின் சுதந்திர நிலை மாறுமாயின் தம் வழியைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்குண்டு என்கிறது. இணைப்பு என்னும் சொல்லுக்குள்ளேயே பிரிவினையும் உறங்கிக்கிடக்கிறது.

இணைப்பை வேண்டுவோர் வாதம் முற்றிலும் வெறுமையானதன்று. மொல்டோவாவின் இளைஞர் பிழைப்புத் தேடி மேற்கே செல்கின்றனர்; பல இலட்சம் பேர் ருமேனியக் குடியுரிமையும் பெற்றுள்ளனர். 2022இல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபின், சிறிய நாடொன்று தனித்து நிற்றல் இயலுமா என்ற அச்சம் நியாயமானதே. 2007இலேயே ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்த ருமேனியாவுடன் இணைவது குறுக்குவழி என்று சிலர் கருதுவதில் வியப்பில்லை. ஆனால் பெரும்பான்மையோர் இணைப்பை ஆதரிக்கவில்லை என்றே கருத்துக் கணிப்புக்கள் பொதுவாகக் காட்டி வந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்திற் சேரும் நோக்கை யாப்பிற் பொறிப்பதற்கு 2024 ஒக்டோபரில் நடந்த வாக்கெடுப்பிற்கூட ஆதரவு 50 வீதத்தை மயிரிழையிலேயே தாண்டியது. இவ்வாறு இரண்டாகப் பிளவுண்டு நிற்கும் மக்களின் மீது, கவிஞரின் பெயரால் ஓர் இணைப்பைச் சுமத்துவது நேர்மையாகாது.

ஆகவே நமது முடிவைக் கூறுவோம். இணைப்பு என்றும் ஆகாது என்று நாம் கூறவில்லை. அது புரூத்தின் இரு கரை மக்களும் தீர்மானிக்க வேண்டியது. அத்தீர்மானத்தில் ககவுசிய உழவனுக்கும் நீஸ்டர்க் கரையின் ஆலைத் தொழிலாளிக்கும் இடம் இருத்தல் வேண்டும். 1918இற் போல நிபந்தனைகளை முதலில் எழுதிப் பின்னர் அழிக்கும் இணைப்பாக அது இருத்தல் கூடாது. நிலமும் கூலியும் பள்ளியும் மொழியுரிமையும் யாருக்கு எவ்வாறு கிடைக்கும் என்று கூறாத எந்த இணைப்பும், தேசப்படத்தில் ஒரு கோட்டை அழிப்பதற்கு மேல் யாதும் செய்யாது.

1990 மே மாதத்தில் புரூத்தின் எல்லை ஒரு நாள் திறக்கப்பட்டபோது, மக்கள் நதியில் மலர்களைத் தூவி மறுகரை உறவினரைத் தழுவினர். அத்தழுவலுக்கு இரு அரசுகள் ஒன்றாக வேண்டிய தேவையிருக்கவில்லை. வழி திறந்திருந்ததே போதுமாயிருந்தது. நமது மாணவருக்கு நாம் கூறிய விடையும் இதுவே. கேட்டவர் சற்றுச் சிந்தித்து, “அப்படியானால் வழியை மூடியவர் யார் என்றல்லவா முதலிற் கேட்க வேண்டும்?” என்றார். ஆம், அக்கேள்வியிலிருந்துதான் தொடங்குதல் வேண்டும்.