கரகரப்பைப் படிக்கும் செவி

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது காரில் எழும் கரகரப்பு எந்த உறுப்பின் குரல் என்று பிரித்தறிவது, கண்ணைவிடக் காதை நம்பும் நுட்பக் கலையாகும். அந்த ஓசை எஞ்சினின் சுழற்சியைத் தொடர்கிறதா, சக்கரத்தின் சுழற்சியைத் தொடர்கிறதா என்பதே தேர்ந்த மெக்கானிக் முதலில் தேடும் விடை. நின்ற வண்டியில், கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை மட்டும் முடுக்கும்போதும் அது கேட்டால், பழுது எஞ்சினிலோ, அதன் பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு போன்றவற்றிலோ, புகைக்குழாயின் வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய தகடு தளர்ந்து அதிர்வதிலோ இருக்கக்கூடும். வண்டி ஓடும்போது மட்டும் எழுந்து, வேகத்தோடு ஏறி, நியூட்ரலுக்கு மாற்றிய பின்னும் தொடர்ந்தால், ஐயம் சக்கரப் பேரிங்கின் மீது, அதாவது எஃகுக் குண்டுகளோ உருளைகளோ உருண்டு உராய்வைக் குறைக்கும் வளையத்தின் மீது, விழுகிறது. இடப்புறம் திரும்புகையில் வண்டியின் பாரம் வலச் சக்கரங்களின் மேல் சாய்வதால், அப்போது ஓசை மிகுந்தால் வலப்புறப் பேரிங்கே தேய்ந்தது எனப் பெரும்பாலும் கொள்ளலாம்.

ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுழற்றி, மறு கையின் விரல்நுனிகளை அதன் சுருள்வில்லின் மீது வைத்தால், நல்ல பேரிங் அமைதியாக இருக்க, பழுதுற்றதோ மணல் அரைபடுவது போன்ற நடுக்கத்தை விரலுக்கு உணர்த்திவிடும். பழையதை அழுத்துபொறியால் வெளியேற்றி, புதியதைக் கோணாமல் புகுத்தி, நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கியதும் வேலை முடிகிறது. ஆயினும் இக்கலையின் அழகு, எதையும் கழற்றுவதற்கு முன்பே குறையைச் சுட்டிவிடும் செவியின் பொறுமையிலேயே உறைகிறது.