வைரஸ் தடுப்பானுக்குத் தடை: எங்கே சரி, எங்கே பிழை

வாலிகண்டபுரம் போன்ற ஓர் ஊரில் வருமானச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ வேண்டுமென்றால் முதலில் போகிற இடம் இ-சேவை மையம். பல ஊர்களில் அது ஜெராக்ஸ் கடையோடு ஒட்டிய தனியார் கடைதான். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பட்டா எல்லாம் அங்கே ஸ்கேன் ஆகின்றன. யார் யாருடைய பென்டிரைவோ செருகப்படுகிறது. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் தங்கள் கையெழுத்தையும் படத்தையும் அதே கணினியில் விட்டுப் போகிறார்கள். அந்தக் கணினிக்குக் காவல், ஒரு வருஷத்துக்குக் 'கீ' போட்ட ஆண்டிவைரஸ். அது மாஸ்கோவின் காஸ்பர்ஸ்கியாக இருக்கலாம், ஏதோ ஓர் அமெரிக்கத் தயாரிப்பாக இருக்கலாம், புனேயின் குவிக் ஹீலாகவும் இருக்கலாம். தேசப் பாதுகாப்பைக் காட்டி இவற்றில் அந்நிய நாட்டினுடையதை அரசு தடை செய்வது சரியா என்பதே இங்கே எடைபோட வேண்டிய கேள்வி. இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. இரு தரப்பும் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆண்டிவைரஸ் மற்ற மென்பொருள்களைப் போன்றதல்ல. கணக்கு எழுதும் மென்பொருள் கணக்கை மட்டும் பார்க்கும். ஆண்டிவைரஸ் கணினியிலுள்ள எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும். அதற்காகத்தான் அதற்குக் காசு கொடுக்கிறோம். சந்தேகப்பட்ட கோப்பின் நகலைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பும், இயங்குதளத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து எதையும் நிறுத்தும், அழிக்கும். ஒரே நாளில் பலமுறை அதற்குப் புதிய கட்டளைகள் வந்துகொண்டிருக்கும். இன்று வல்லுநர்கள் வரிவரியாகப் படித்துத் தூய்மையானது என்று சான்று தந்தாலும், நாளைக் காலை வரும் அப்டேட்டில் என்ன இருக்கும் என்பதற்கு அந்தச் சான்று பொறுப்பேற்காது.

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்த ஒருவர் ரகசியக் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று தன் சொந்தக் கணினியில் வைத்திருந்தார். அதில் காஸ்பர்ஸ்கி இருந்தது. முகமை தயாரித்த உளவு நிரலைத் தீங்கு நிரல் என்று சரியாகவே கண்டுபிடித்து, அந்தக் கோப்புகளைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பியது. தன் வேலையைச் செய்தோம், ரகசியம் என்று தெரிந்ததும் அழித்துவிட்டோம் என்றது நிறுவனம். ரஷ்ய உளவுத்துறை இந்த மென்பொருள் வழியாகவே தேடியது, அதை இஸ்ரேலியர்கள் பார்த்துச் சொன்னார்கள் என்று 2017 அக்டோபரில் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. யார் சொல்வது உண்மை என்பதை வெளியே இருப்பவர் தீர்மானிக்க வழியில்லை. ஆனால் இரு தரப்புக் கூற்றிலும் பொதுவான ஒன்று இருக்கிறது: கோப்பு மாஸ்கோவுக்குப் போனது. தீய நோக்கம் கொஞ்சமும் இல்லாமலேகூட இது நடக்கும்.

"குற்றம் நிரூபிக்கப்படாமல் தண்டிக்கலாமா?" என்ற வாதத்தின் பலமும் பலவீனமும் இங்கேதான் தெரியும். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டை இதற்கு நல்ல முன்னுதாரணம். 1751-இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் ஆங்கிலேயர் முகமது அலிக்காகவும் பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிப்புக்காகவும் இந்தப் பகுதியில் மோதியபோது, கோட்டைத் தலைவரின் ஆதரவை இரு படையுமே கேட்டன. அவர் யாருக்கும் கதவைத் திறக்காமல் பேச்சுவார்த்தையிலேயே நாளைக் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் பேட்டையைத் தாக்கித் தீ வைத்ததும் பிரெஞ்சுக்காரரை உள்ளே அழைத்துக்கொண்டார். அவர் கோழை என்று எழுதுவது எளிது. ஆனால் கதவுக்கு வெளியே நின்றவன் துரோகி என்று நிரூபணம் ஆகும்வரை அவர் காத்திருக்கவில்லை. அந்தப் படைகள் வேறு எஜமானருக்குக் கட்டுப்பட்டவை என்பதே கதவை மூடிவைக்க அவருக்குப் போதுமான காரணமாக இருந்திருக்கலாம். கோட்டையைப் பொறுத்தவரை இந்த நியாயம் செல்லும். ரஷ்யச் சட்டப்படி அந்நாட்டு நிறுவனத்தை உளவுத்துறை ஒத்துழைக்க வைக்க முடியும் என்பதே, அணு ஆயுதம் வைத்திருக்கும் இன்னொரு நாடு தன் அரசுக் கணினிகளிலிருந்து அதை அகற்றப் போதுமான காரணம்.

ஆகவே 2017 செப்டம்பர் 13 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, அரசு அமைப்புகளிலிருந்து காஸ்பர்ஸ்கியை அகற்றச் சொன்னதைக் குறை சொல்ல மாட்டேன். அதே ஆண்டு டிசம்பரில் அது சட்டமும் ஆனது. குறை சொல்ல வேண்டியது 2024-இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூன் 20 அன்று அமெரிக்க வணிகத் துறை, நாட்டில் யாருக்குமே காஸ்பர்ஸ்கியை விற்கக் கூடாது என்றது. ஜூலை 20 முதல் புதிய விற்பனைக்குத் தடை, செப்டம்பர் 29-க்குப் பிறகு அப்டேட்டுக்கும் தடை. மூன்றாம் தரப்புச் சோதனைக்கு உட்படுகிறோம் என்ற நிறுவனத்தின் யோசனை ஏற்கப்படவில்லை. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் தன் மடிக்கணினியில் எதைப் போட்டுக்கொள்கிறார் என்பது எப்படித் தேசப் பாதுகாப்பாகிறது? அரசுக்கும் ஒரு பதில் உண்டு. லட்சக்கணக்கான வீட்டுக் கணினிகள் ஒரே கட்டளையில் அணிதிரளக்கூடியவை என்றால் அவை சேர்ந்து ஒரு படைதான். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த அளவுக்கு ஆபத்து என்றால், மக்களிடம் ஆதாரத்தைக் காட்டும் கடமையும் அதே அளவுக்குப் பெருக வேண்டும். வெளியிடப்பட்ட முடிவில் நிறுவனம் எங்கே இருக்கிறது, எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, அதன் மென்பொருள் எதை எட்டும் என்பவைதான் விரிவாக இருந்தன. உண்மையில் நேர்ந்த தீங்கு அப்படிக் காட்டப்படவில்லை.

தடை நிறைவேறிய விதம் இன்னும் கவலைக்குரியது. செப்டம்பரில் பல அமெரிக்கப் பயனாளர்களின் கணினியிலிருந்து காஸ்பர்ஸ்கி தானாகவே மறைந்து, அல்ட்ராஏவி என்ற, அவர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத ஒன்று வந்து உட்கார்ந்தது. மின்னஞ்சல் அனுப்பித்தான் செய்தோம் என்றது நிறுவனம். பலர் காலையில் கணினியைத் திறந்தபோதுதான் அறிந்தார்கள். ஆண்டிவைரஸ் நினைத்தால் ஒரே இரவில் கணினிக்குள் வேறொருவரைக் குடியமர்த்த முடியும் என்ற அரசின் பயம், அந்தத் தடையின் விளைவாகவே கண்முன் நிரூபணமானது.

ஜெர்மனி எடுத்த வழி இதைவிடச் சிறந்தது. உக்ரைன் போர் தொடங்கிய சில வாரங்களில், 2022 மார்ச் 15 அன்று, அந்நாட்டின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் காஸ்பர்ஸ்கிக்கு மாற்று தேடச் சொல்லி எச்சரித்தது. தடை செய்யவில்லை. ஏன் எச்சரிக்கிறோம் என்று எழுதியது. நிறுவனம் கொலோன் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது, மேல்முறையீட்டிலும் தோற்றது. தவறு செய்தது என்ற நிரூபணம் தேவையில்லை, இவ்வளவு ஆழமான அனுமதி உள்ள மென்பொருளுக்கு நம்பிக்கையே அடித்தளம், அந்த நம்பிக்கை குலைந்தால் எச்சரிக்கலாம் என்ற வாதம் நீதிமன்றத்தில் நின்றது. அரசு ஜெயித்தது எனக்கு முக்கியமில்லை. காரணம் எழுத்தில் இருந்தது, அதை எதிர்த்து வாதாட ஓர் இடமும் இருந்தது என்பதே முக்கியம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவில் காஸ்பர்ஸ்கிக்குப் பொதுத்தடை கிடையாது. நாம் தடை செய்தவை வேறு. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் சீனத் தொடர்புள்ள 59 செயலிகள் முடக்கப்பட்டன. எல்லோரும் டிக்டாக்கைப் பற்றியே பேசினார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் வைரஸ் கிளீனர், கிளீன் மாஸ்டர், டியு கிளீனர், க்யூக்யூ செக்யூரிட்டி சென்டர் எல்லாம் இருந்தன. இந்தியா அந்நியப் பாதுகாப்பு மென்பொருளைத் தடை செய்த கதை, டிக்டாக் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் போனது.

அந்தத் தடையின் உள்ளடக்கத்தை நான் எதிர்க்கவில்லை. 'போன் ஸ்லோவா இருக்கு' என்று வருகிறவர்களுக்கு மொபைல் கடைகளில் ஏற்றித் தரப்பட்ட இந்த வகைச் செயலிகள் கேட்ட அனுமதிகள் அதிகம், தந்த பாதுகாப்போ சொற்பம். கிளீன் மாஸ்டரைத் தயாரித்த சீட்டா மொபைலின் செயலிகளை அதே ஆண்டு பிப்ரவரியிலேயே விளம்பர முறைகேட்டுக்காகக் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியிருந்தது. ஆகவே சொல்லக்கூடிய காரணம் கையில் இருந்தது. இருந்தும் பத்திரிகைக் குறிப்பு 59 செயலிகளையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி, தகவல்களைத் திருடி நாட்டுக்கு வெளியே அனுப்புவதாகப் புகார்கள் வந்தன என்று பொதுவாகச் சொன்னதோடு நின்றது. எந்தச் செயலி எதை எங்கே அனுப்பியது என்பது இல்லை. 69ஏ பிரிவை 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றதற்கு ஒரு காரணம், முடக்குவதற்கான காரணங்கள் எழுத்தில் பதியப்பட வேண்டும் என்ற நிபந்தனை. 2009-ஆம் ஆண்டு விதிகளோ அந்த நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. காரணம் எழுதப்படுகிறது, படிக்க வேண்டியவர் கைக்கு வருவதில்லை. அதனால் அடுத்த முறை அதே வேலையைச் செய்யும் இன்னொரு செயலி, வேறு பெயரில், வேறு நாட்டு முகவரியில் வந்தால் அடையாளம் காண நம் மக்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பாதுகாப்புக்காகப் போட்ட தடையில் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சாட்சி நம் கூடங்குளத்தில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 23 அன்று காஸ்பர்ஸ்கி ஓர் ஆய்வை வெளியிட்டது: இந்திய ஏடிஎம்களைக் குறிவைத்த ஒரு நிரலை ஆராய்ந்தபோது, டிட்ராக் என்ற உளவு நிரல் இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும் பரவியிருப்பதைக் கண்டோம், வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் சாயல் அதில் இருக்கிறது என்று. அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஊடுருவல் என்ற செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையம் மறுத்தது. 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீங்கு நிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தெரிவித்திருந்தது, உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியே பிரிக்கப்பட்டவை, பாதிக்கப்படவில்லை. அந்த நிரலும் டிட்ராக் என்றே வெளி ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதை உலகுக்கு விளக்கியது அமெரிக்கா ஒதுக்கிய ரஷ்ய நிறுவனம். உலையே ரஷ்யர்கள் வடிவமைத்தது. வந்த ஆபத்தோ வேறு திசையிலிருந்து.

இதை வைத்து "தடையே வேண்டாம்" என்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு நிறுவனம் வெளியிடும் ஆய்வைப் படிப்பதற்கு அதன் மென்பொருளை நம் அணுமின் நிலையத்தில் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வு வானத்திலிருந்து விழவில்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். பல்லாயிரம் கணினிகளில் அது இருந்ததால்தான் அந்த நிரல் அதன் கண்ணில் பட்டது. ஒவ்வொரு நாடும் அந்நியக் காவலரை முழுக்க விரட்டினால், ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் தெரிவதை மட்டுமே பார்க்கும். கூடங்குளம் தரும் பாடம் நாட்டைப் பற்றியதைவிட, எந்தக் கணினி எதோடு இணைந்திருக்கிறது என்பதைப் பற்றியது.

நட்பு நாடு என்பதும் காவலாகாது. 2024 ஜூலை 19 அன்று, அமெரிக்காவில் காஸ்பர்ஸ்கி விற்பனைத் தடை தொடங்குவதற்கு முந்தைய நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிழையான ஓர் அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத் தடையைக் காரணமாகக் கொண்டு மைக்ரோசாஃப்ட் நயாரா எனர்ஜிக்கான சேவையை நிறுத்த, இந்தியாவில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு சேவை திரும்பியது. முதலாவதில் தீய எண்ணம் இல்லை, இரண்டாவதற்குக் காரணம் நம் சட்டமே இல்லை.

அப்படியென்றால் உள்நாட்டுத் தயாரிப்பு மட்டும் போதுமா? சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங்கின் ஆண்டிவைரஸை, சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் வழியாக ஜப்பானிய வீடுகள் நெடுங்காலம் நம்பி வாங்கின. ஜப்பானுக்கு அது அந்நிய மென்பொருள். அந்நியம் என்ற ஒன்றுக்காகவே தடை என்ற விதியை எல்லோரும் எடுத்துக்கொண்டால் முதலில் அடிபடுவது இத்தகைய தமிழ்நாட்டு உழைப்புதான். உள்நாட்டு நிறுவனத்துக்குக் கைகொடுக்க 2018-இலிருந்தே கொள்முதல் முன்னுரிமை உத்தரவு இருக்கிறது. சைபர் பாதுகாப்புப் பொருள்களை வாங்கும்போது அரசு உள்நாட்டுத் தயாரிப்புக்கு முதலிடம் தர அது வழிசெய்கிறது. அரசு எதை வாங்குவது என்ற அளவில் நிற்கிற அந்த வழி, தடையைவிட நேர்மையானது.

என் தீர்ப்பு இது. ராணுவம், அணுமின் நிலையம், மின் கட்டமைப்பு, வங்கியின் உள்வலை, அரசு அலுவலகம் ஆகியவற்றில் வேற்று நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட காவல் மென்பொருளை நிரூபணம் இல்லாமலே விலக்கலாம், விலக்கவும் வேண்டும். இதில் ரஷ்யா, சீனா, அமெரிக்கா என்ற வேறுபாடு கூடாது. மாற்று தயாராகும்வரை அப்டேட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். குடிமகனின் சொந்தக் கணினியில் அரசு எச்சரிக்கலாம், காரணத்தை வெளியிடலாம். தடைதான் போட வேண்டுமென்றால் ஆதாரத்தைக் காட்ட வேண்டும், நீதிமன்றத்தில் எதிர்க்க வழிவிட வேண்டும். இந்த அளவுகோலில் அமெரிக்காவின் 2017 உத்தரவு தேறுகிறது, 2024 உத்தரவு தேறவில்லை. இந்தியாவின் 2020 உத்தரவு நோக்கத்தில் தேறி, முறையில் தோற்கிறது.

ஆனால் அரசுக் கணினி, சொந்தக் கணினி என்ற கோடு வாஷிங்டனில் போடப்பட்டது. வாலிகண்டபுரத்தில் அது நிற்காது. இ-சேவைக் கடைக் கணினி தனியாருடையது, செய்வதோ அரசு வேலை. ஓர் ஊரின் ஆதார் எண்களும் நில ஆவணங்களும் அதன் வழியாகப் போகின்றன. சட்டம் அதை இரண்டு பக்கமும் சேர்க்காமல் விட்டிருக்கிறது. கணினி யாருடையது என்பதை வைத்து அந்தக் கோட்டைப் போடாமல், அது செய்யும் வேலையை வைத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் தடையோடு செலவும் அரசின் பொறுப்பாகிறது. ஒரு வருஷக் கீயைக் கடைக்காரர் தன் கமிஷனிலிருந்து வாங்க வேண்டியிருக்கிற வரை அவர் விலை குறைந்ததை வாங்குவார், அல்லது கிராக் செய்ததைப் போடுவார். செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா வழியாகக் குவிக் ஹீல், கே7, ஈஸ்கேன் ஆகியவற்றின் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. அவை தொற்றியதைக் கழுவும், நாள் முழுக்கக் காவல் நிற்பவையல்ல. மைய உரிமம் வழங்கும்போதே சோதிக்கப்பட்ட உள்நாட்டு ஆண்டிவைரஸை அரசுச் செலவில் நிறுவித் தருவதும், ஆண்டுதோறும் புதுப்பிப்பதும், பென்டிரைவ் செருகும் கணினியையும் சான்றிதழ் விண்ணப்பிக்கும் கணினியையும் வேறாக வைக்க உதவுவதும் தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் கைக்கெட்டிய வேலைகள். இதற்கு டெல்லியிலிருந்து தடை உத்தரவு எதுவும் வர வேண்டியதில்லை.