20 வாட் என்றால் 20 வாட்

நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் நாதஸ்வரத்தில் ஆலாபனை செய்துகொண்டிருக்கும்வரை எந்த ஆம்ப்ளிஃபயரும் நல்ல ஆம்ப்ளிஃபயர்தான். தவில் சேரட்டும், அப்போது தெரியும் சங்கதி. வலந்தலையில் விரல்கூடுகள் சடசடவென்று விழும் அந்த இடம், பாட்டின் சராசரி ஒலியைவிட 15, 20 டெசிபல் மேலே எகிறுகிறது. 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு வாட். ஆலாபனை பத்தில் ஒரு வாட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த அடிக்கு 10 வாட் வேண்டும்; அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும். கொடுக்க முடியாத ஆம்ப்ளிஃபயர் அந்த அடியின் தலையைச் சீவிவிடும். தவில் தகரமாகிவிடும்.

வீட்டு ஸ்டீரியோவுக்கு எத்தனை வாட் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், எத்தனை டெசிபல்? 87 டெசிபல் பெட்டி இரண்டு, உட்காரும் இடம் இரண்டரை மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். தூரம் எடுத்துக்கொள்வதில் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும், இரண்டாவது பெட்டி 3 டெசிபல் சேர்க்கும். ஆக, ஒரு வாட்டுக்கு நாற்காலியில் 85 டெசிபல் கிட்டே வந்துவிடும். நிம்மதியாகக் கேட்க 75 போதும். அது பத்தில் ஒரு வாட். தவில் அடிக்கு 95. அது 10 வாட். கைவசம் ஒரு மடங்கு கூட இருக்கட்டும் என்றால் 20. அங்கேயே நின்றுகொள்ளலாம். 50 வாட்டுக்குப் போனால் கூடக் கிடைப்பது 4 டெசிபல்தான். 200 வாட் வாங்கினாலும் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவே.

இந்த 20 வாட்டுக்கு ஒரு முகம் உண்டு. நாட் 3020 ஆம்ப்ளிஃபயர். 1978இல் வந்தது, எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் முகப்பு, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. காகிதத்தில் சானலுக்கு 20 வாட். ஆனால் அடி விழும் கணத்தில் அதைப்போல இரண்டு மடங்கை எடுத்துக் கொடுக்கும். ஸ்பீக்கரின் ஓம் இறங்கினாலும் முகம் சுளிக்காது. எல்லை தாண்டும்போது முனையை மழுக்கிவிட, பின்பக்கத்தில் ஒரு சிறு சுவிட்ச் வேறு. அதன் முகப்பில் எத்தனை வாட் போகிறது என்று காட்டும் சிறு விளக்குகள் இருக்கின்றனவே, வாட் பற்றி யார் சொன்னதையும்விட அவைதான் எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தன. வர்ணம் முழுக்கக் கீழ் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் நடு விளக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு அணையும். உச்சி விளக்கு எரிந்தால் பக்கத்து வீட்டில் குழந்தை எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏற்காடு மலைமேல், செம்மநத்தத்தில் அந்த உச்சி விளக்குக்கு வேலையே இல்லை. சேலத்தில் மின்விசிறி, தெருவில் பஸ், எதிர்வீட்டு டிவி எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு ஏறி நிற்க வேண்டும். இங்கே காபித் தோட்டத்தின் நடுவில் ராத்திரி எட்டு மணிக்கு என்ன சத்தம்? சில்வர் ஓக் இலையிலிருந்து பனி சொட்டுவதும் பூச்சிகளும்தான். பின்னணிச் சத்தம் 10 டெசிபல் குறைந்தால், வால்யூமை அந்த அளவுக்கு இறக்கி வைக்கலாம். கீழே 20 வாட் செய்யும் வேலையை இங்கே 2 வாட் செய்துவிடும். மலையில் கவலை வேறு: வோல்டேஜ். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால், பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிஃபயரின் வாட்டில் மூன்றில் ஒரு பங்கு பறந்துவிடும். இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் தேடுவதைவிட ஒரு நல்ல ஸ்டெபிலைசர் மேல். கோடை இடி உருள ஆரம்பித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது அதைவிட மேல்.

300பி வால்வு வைத்திருக்கும் நண்பர்கள் 8 வாட்டே ராஜபோகம் என்பார்கள். சரிதான், 100 டெசிபலைத் தாண்டும் கொம்பு ஸ்பீக்கர் இருந்தால். என் 87 டெசிபல் பெட்டிக்கு 160 வாட் கொடுத்தால் என்ன வருமோ, அது அவர்களுக்கு எட்டிலேயே வந்துவிடும். சேர்வராயன் கோயில் திருவிழாவில் குழாய் கட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர்மலைக்குக் கேட்டது வாட்டினால் அல்ல, குழாயினால். பிபிசியின் எல்எஸ்3/5ஏ பக்தர்கள் மறுகோடி: அது 83 டெசிபல் பெட்டி, 20 வாட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும். அவர்கள் 50 வாங்கட்டும். பெரிய கூடமும் 4 ஓமுக்குக் கீழே சரியும் ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்கள் 200 கேட்டாலும் எனக்குச் சண்டை இல்லை. பத்துக்குப் பத்து அறையில் புத்தக அலமாரி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு 200 கேட்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

வழக்கை ஆரம்பித்து வைத்தது பிஎம்பிஓ என்ற உச்ச வாட் கணக்கு. தொண்ணூறுகளில் அட்டைப்பெட்டி மேல் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டு, உள்ளே சுண்டுவிரலால் தூக்கக்கூடிய பிளாஸ்டிக்கை வைத்து விற்றார்கள். சென்னை ரிச்சி தெருவில் 2என்3055 டிரான்சிஸ்டர் ஜோடி போட்டு செட் கட்டித் தந்தவர்கள், என்ன டிரான்ஸ்ஃபார்மர் என்றுதான் முதலில் கேட்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தே மதிப்புச் சொல்வார்கள். அந்தக் கைக்கணக்கு போய்விட்டது. இப்போது ஆர்எம்எஸ் என்று போடுகிறார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் 10 சதவீத டிஸ்டார்ஷன். பத்து சதவீதம் சிதைந்தபின் அளந்த வாட் யாருக்கு வேண்டும்?

அதைவிட வயிற்றெரிச்சல், பழைய திரைப்பாடல்களின் புது மறுபதிப்புகள். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். தபலா எழும்பும் இடமும் தம்பூரா மீட்டும் இடமும் ஒரே சத்தம். அடியே இல்லாத பாட்டுக்கு அடியைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயர் எதற்கு? பழைய எல்பி கிடைத்தால் விடாதீர்கள்.

கடைக்குப் போகிறவர்கள் இவ்வளவு கேட்டால் போதும்: 8 ஓமில், இரண்டு சானலும் சேர்ந்து ஓடும்போது, ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைந்த டிஸ்டார்ஷனில் எத்தனை வாட்? 20 என்று நேர்மையாகப் பதில் வந்தால் வாங்கிவிடுங்கள். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.