கடவுச்சீட்டில் ஒரு முகம்: இராமானுஜன் நிழற்படம் பற்றிய ஒரு திறனாய்வு

அயல்நாட்டிற் சில ஆண்டு வாழ்ந்து தாயகம் மீண்ட ஒருவரின் மாற்றத்தை நிழற்படம் காட்ட வல்லதா? இவ்வினா படக்கலைக்கு உரியது போலத் தோன்றினும் தமிழ் ஆராய்ச்சியாளர்க்கும் இதிற் பங்கு உண்டு. பிரிந்தவன் மீளுதலைப் பாடுபொருளாகக் கொண்டு பெருந்தொகையான பாடல்களை உடைய இலக்கியம் நம்முடையது. ஆதலின், சென்னை மயிலாப்பூரோடும் திருவல்லிக்கேணியோடும் தொடர்புடைய ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம். அது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் கடவுச்சீட்டுப் படமாகும்.

படத்தின் வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். இராமானுஜன் 1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னையிற் கப்பல் ஏறினார். ஐந்தாண்டு கழித்து, 1919 மார்ச்சு 27ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். அம்மீட்சிப் பயணத்தின் பொருட்டு எடுக்கப்பட்டதே இப்படம். பின்னர் 1936இல், கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டி இராமானுஜனின் நல்ல படம் ஒன்றை நாடினார். அப்போது அவரிடம் இருந்தது பட்ட அங்கியும் தொப்பியும் பூண்ட படம். அக்கோலத்தில் இராமானுஜன் நகைப்பிற்கு இடமாகத் தோன்றுகின்றார் என்பது ஹார்டியின் குறை. தாயகம் செல்லவிருந்த வானியற்பியலறிஞர் எஸ். சந்திரசேகரிடம் வேறு படம் தேடித் தருமாறு அவர் வேண்டினார்.

சந்திரசேகர் தாமும் 1930இல் கேம்பிரிட்சு சென்று ஆறாண்டுக்குப்பின் வீடு வந்தவர். அவ்வீடு மயிலாப்பூரில், இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்டு எலியட்சு சாலையில் இருந்தது. 1919இல் சென்னை மீண்ட இராமானுஜன் முதலில் தங்கியதும் அதே சாலையில்தான். பிறகே லஸ் சர்ச் சாலை வீடொன்றிற்கு மாறினார். கடல் கடந்து மீண்ட ஒருவர், அவ்வாறு மீண்ட மற்றொருவரின் முகத்தைத் தேடித் திருவல்லிக்கேணிக்குச் சென்றார். அங்கே எளிய நிலையில் வாழ்ந்த சானகி அம்மையாரிடம் அக்கடவுச்சீட்டு இருந்தது. பதினேழு ஆண்டு கழிந்தும் படம் கெடவில்லை. அதிலிருந்து எடுத்த படியே 1940இல் ஹார்டி வெளியிட்ட சொற்பொழிவு நூலில் இடம் பெற்றது. நோயுற்றவராகத் தோன்றினும் மேதைமை முழுதும் விளங்குகின்றது என ஹார்டி அதனை மதிப்பிட்டார்.

இம்மதிப்பீட்டின் வழிவந்தோர், இப்படத்தை ‘இங்கிலாந்து இராமானுஜனை என்ன செய்தது’ என்பதற்குச் சான்றாகக் கொள்வர். குளிரும், போர்க்காலத்து உணவுக் குறையும், தனிமையும், நோயும் அம்முகத்தில் எழுதப்பட்டுள்ளன என்பர். இக்கருத்து எமக்கு உடன்பாடன்று.

படத்திற் காணப்படுவது யாது? வெட்டிய தலைமயிர், ஐரோப்பிய மேற்சட்டை, திருமண் இல்லாத நெற்றி. ஆனால் குடுமி களையப்பட்ட இடம் கேம்பிரிட்சு அன்று, சென்னையே. 1914இல் புறப்படுவதற்குமுன் தாயையும் மனைவியையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் காணாதவாறு அவர் குடுமியை நீக்கிக்கொண்டார். மேனாட்டு உடைகளும் இங்கேயே வாங்கப்பட்டன. கத்தியும் முட்கரண்டியும் கொண்டு உண்ணும் முறையும் இங்கேயே பயிலப்பட்டது. எனவே, கண்ணுக்கு எளிதிற் புலனாகும் மாற்றம் அயல்நாட்டு வாழ்வின் விளைவன்று. அயல்நாடு செல்வதற்கு இவ்வூர் விதித்த நுழைவு விலை.

நோயைப் பற்றி என்ன கூறுவது? 1917இல் நோய்ப்பட்ட அவர் பின்னர் மருத்துவ மனைகள் பலவற்றில் இருந்தார். 1918இல் அரச கழகத்து உறுப்பினராகவும் திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகவே பெருஞ்சிறப்பும் பெரும்பிணியும் ஒருங்கே உற்ற காலத்து முகம் இது. காசநோய் என்றே நெடுங்காலம் கருதினர். 1994இல் மருத்துவர் யங் என்பார் வேறொரு கருத்தை வெளியிட்டார். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயே அவரைக் கொண்டது என்பதும், முன்பு தாயகத்தில் உற்ற சீதபேதி அதற்கு வித்தாகலாம் என்பதும் அவர் துணிபு. இது மெய்யாயின், இங்கிலாந்து தந்ததாக நாம் படத்திற் காணும் நோயும் இங்கிருந்து உடன் சென்றதே ஆகும். மருத்துவ முடிபு எவ்வாறாயினும் ஆகுக. ஒரு முகத்தில் உள்ள மெலிவு எந்நாட்டிற் பிறந்தது என்பதைப் படம் சொல்லாது என்பது தெளிவு.

அடிப்படையான இடர் மற்றொன்று உண்டு. மாற்றம் என்பது இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்டது. இப்படமோ ஒரு நிலையையே காட்டுகின்றது. இராமானுஜனின் படங்களாக வழங்குவன யாவும் இங்கிலாந்து வாழ்க்கைக் காலத்தன. புறப்படுமுன் எடுத்த படம் வழக்கில் இல்லை. இதற்கு வறுமை ஒரு காரணம். அரசின் நடைமுறை மற்றொரு காரணம். பிரித்தானியக் கடவுச்சீட்டில் படம் ஒட்டும் முறை முதல் உலகப் போரின் விளைவாக 1915இல் வந்தது. 1914 மார்ச்சிற் செல்பவரிடம் எவரும் முகச்சான்று கேட்கவில்லை. 1919இல் மீள்பவரிடம் கேட்டனர். போகும்போது பெயர் போதும், வரும்போது முகமும் வேண்டும் என்னும் இவ்விதியே நமக்கு இப்படத்தை அளித்தது. கலைஞன் ஒருவனின் நோக்கம் இதில் யாதும் இல்லை.

இல்லாத முதற்படத்தின் இடத்தை ஒரு சொற்படம் நிரப்பி வருகின்றது. 1910இல் நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ், தம்மிடம் வந்த இளைஞர் குட்டையர், பருத்தவர், முகம் மழிக்காதவர், ஒளிவிடும் கண்ணினர் என வருணித்துள்ளார். வரலாறு எழுதுவோர் இதனையும் கடவுச்சீட்டுப் படத்தையும் அருகருகே வைத்து, பருத்தவர் மெலிந்தார் என முடிவு கட்டுவர். இராமச்சந்திர ராவ் இதனை எழுதியது 1920இல், இராமானுஜன் மறைந்தபின். உலகம் போற்றிய ஒருவரைப் பத்தாண்டு கடந்து நினைந்து எழுதும்போது கண்களில் ஒளி மிகுதல் இயல்பு. இலக்கியத் திறனாய்வில் இரங்கற்பாவை வாழ்க்கைக் குறிப்பாக நாம் கொள்வதில்லை. ஈண்டும் அவ்விழிப்பு வேண்டும். இன்னும் ஒன்று: கடவுச்சீட்டுப் படம் மீண்டவரின் படமன்று, மீளப் போகின்றவரின் படம். லஸ் சர்ச் சாலை வீட்டிலும், கொடுமுடியிலும், கும்பகோணத்திலும், இறுதியிற் சேத்துப்பட்டிலும் கழிந்த அந்த ஓராண்டின் முகம் நமக்குக் கிடைத்திலது. 1920 சனவரியில் ஹார்டிக்குப் புதிய தீட்டாச் சார்புகளைப் பற்றி எழுதிய கை எத்துணை மெலிந்திருந்தது என்பதை உடனிருந்தோர் சொல்லக் கேட்கலாமேயன்றிக் காண இயலாது.

அக்காலச் சமூகம் அவரிடத்துக் கண்ட மாற்றமோ முற்றிலும் வேறு. கடல் கடந்தமையால் அவர் தூய்மை இழந்தார் என்பதே அது. இராமேசுவரத்தில் நீராட்டித் தூய்மை செய்யத் தாயார் எண்ணியிருந்தார். உடல்நிலை அதற்கு இடந்தரவில்லை. 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் அவர் இறந்தபோது, கடல் கடந்தவர் என்னும் காரணத்தால் உறவினர் பலர் ஈமச் சடங்கிற்கு வரவில்லை என்பதை 1991இல் வெளியான தம் நூலில் இராபர்ட் கனிகல் எடுத்துரைப்பார். ஓர் உடல் தோளில் தூக்கத் தகாததாகிவிட்டது எனும் இவ்வளவு பெரிய மாற்றத்தின் சுவடு படத்தில் ஒரு புள்ளியளவும் இல்லை.

இனி, நம் இலக்கியம் இதனை எவ்வாறு நோக்கியது என்பதைக் காண்போம். பொருள்வயிற் பிரிந்த தலைவன் மீளுங்கால் அவன் மேனி என்னாயிற்று என்று அகப்பாடல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. தேரின் விரைவும், முல்லை மலர்ந்த வழியும், பாகனொடு பேசும் பேச்சுமே அவனுக்கு உரியன. பசலையும் வளை நெகிழ்தலும் இல்லிருந்தாளுக்கே உரியன. சிலப்பதிகாரத்தும் மாதவியை நீங்கி இல்லம் புகும் கோவலன் கண்டு வருந்துவது கண்ணகியின் மெலிவையே. மீண்டவன் காண்பவன், இருந்தவள் காணப்படுபவள். பிரிவு செய்த வேலையை அறிய வேண்டின் அது நேராத உடலில் தேடுக என்பது போன்ற இம்மரபு, நிழற்படம் கருதாத ஒன்றைக் கருதியுள்ளது.

கடலிற் செல்லுங்கால் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்று தொல்காப்பிய நூற்பாவிற்குப் பொருள் கொள்வாரும் உளர். அவர் கூற்றிற்கு எடுத்துக்காட்டுப்போல நின்றவர் சானகி அம்மையார். 1909இற் பத்து வயதில் மணம். பதினைந்தாம் வயதிற் பிரிவு. கணவர் மீண்டபோது அகவை இருபது. இடைப்பட்ட ஆண்டுகளில் மடல்களும் கைக்குச் சேரவில்லை. பம்பாய்த் துறையில் இறங்கிய இராமானுஜன், வரவேற்க வந்த தாயிடம் முதலில் வினவியது சானகி எங்கே என்பதே என்பர். அவர் அங்கு வரவில்லை. அவ்வைந்தாண்டு அவரிடத்துச் செய்த மாற்றத்தைப் படமெடுக்க எவ்வரசும் விதி செய்யவில்லை.

இன்று அடையாற்றிலும் தியாகராய நகரிலும் கடல் கடந்து மீண்டார் பலர் உளர். அவர்தம் முகங்களை எடுத்து ‘மாற்றம்’ எனத் தலைப்பிட விழையும் படக்கலைஞர், புறப்படுமுன் எடுத்த படத்தையும், அதனினும் முதன்மையாக, வீட்டிலிருந்தாரின் இரு படங்களையும் உடன் வைப்பாராயின் நன்று. அவ்வாறன்றித் தனி முகத்தைக் காட்டி நம்மைக் கதை புனையச் செய்தல் எளிய வழி.

கடவுச்சீட்டுப் படம் பின்னர்ச் சிலையாயிற்று. கணவருக்குச் சிலை எடுப்பதாகக் கூறியும் எடுத்திலர் என்று சானகி அம்மையார் 1981இற் செய்தித்தாளிற் கூறியதை அமெரிக்கக் கணித அறிஞர் இரிச்சர்டு ஆசுகி படித்தார். பல நாட்டுக் கணித அறிஞர் பொருளுதவினர். மின்னசோட்டாச் சிற்பி பால் கிரான்லுண்டு 1983இல் அம்மார்பளவுச் சிலையை வடித்தார். அவர்க்குச் சான்றாக நின்றது இவ்வொரு படமே. முகத்தின் பக்கங்களையும் தலையின் பின்புறத்தையும் சிற்பி கருதிப் படைத்தார். அதனை யாரும் வரலாறு என்று சொல்லவில்லை, கலை என்றனர். சிலை திருவல்லிக்கேணி இல்லத்திற்கு வந்தது. அதன் சாயல் சரியோ எனக் கூறும் உரிமை வாய்ந்த கண்கள் அவ்வீட்டில் 1994 வரை இருந்தன.