சீப்புக்கும் ஒரு க்யூ.சி. வேண்டும்

சுருட்டை முடிக்கான கருவிகளைப் பற்றி வரும் விமர்சனங்களில் ஷவர் இருக்கும், ஏசி அறை இருக்கும், தலைக்கு மட்டுமே ஒதுக்கிய ஒரு மணி நேரமும் இருக்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கும் சேரப்பணஞ்சேரியில் அந்த மூன்றும் கிடையாது. இங்கே இருப்பது ஒரு பக்கெட், ஒரு மக், போர் தண்ணீர், ஹாஸ்டல் குளியலறை வாசலில் காத்திருக்கும் அடுத்த ஆள், அதற்குள் ஹார்ன் அடிக்கும் கம்பெனி பஸ். லைனில் நிற்பவருக்குத் தொப்பி, பைக்கில் போகிறவருக்கு ஹெல்மெட். இந்த நிலைமையில் எந்தக் கருவி தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த விமர்சனம்.

கருவிகளுக்குப் போகுமுன் ஒரு சின்ன அறிவியல். முடி நனையும்போது தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்போது கெரட்டினுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்கின்றன. காயும்போது முடி எந்த வடிவில் கிடக்கிறதோ, அந்த வடிவிலேயே அவை மறுபடி பூட்டிக்கொள்கின்றன. ஆகவே நாள் முழுக்கச் சுருள் எப்படி இருக்கும் என்பது தலையில் கடைசி மக் தண்ணீர் ஊற்றியதிலிருந்து முடி காயும் வரைக்குள் முடிவாகிவிடுகிறது. ஆனால் ஈர முடி உலர்ந்த முடியைவிட வலுக்குறைந்தது, இழுத்தால் நீளும், எளிதில் அறும். சுருளின் ஒவ்வொரு வளைவும் உராய்வில் முதலில் அடிபடும் இடம். ஈரத்தில் முடியைத் தொடும் கருவிக்குத்தான் முதல் செலவு, காய்ந்த பிறகு தொடுவதற்கு மிச்சம் இருந்தால் செலவு. கீழே உள்ள மதிப்பீடுகள் எல்லாம் இந்தக் கணக்கில் போட்டவை.

அகலப் பல் சீப்பு

பார்த்ததிலேயே மலிவான கருவி இது, முதலிடமும் இதற்குத்தான். ஐம்பதிலிருந்து நூற்றைம்பது ரூபாய்க்குள் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. ஒரகடம் பக்கம் மோல்டிங் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் பிதுங்கி ஒரு மெல்லிய கோடு விழும். கார் டேஷ்போர்டில் அப்படி ஒரு ஃபிளாஷ் இருந்தால் பீஸ் ரிஜெக்ட். அதே கோடு சீப்பின் ஒவ்வொரு பல்லிலும் மேலிருந்து கீழ்வரை ஓடும். அதை யாரும் ரிஜெக்ட் செய்வதில்லை. ஒவ்வொரு முறை வாரும்போதும் அது முடியின் மேல்தோலைச் சுரண்டிக்கொண்டே போகும்.

சோதனை எளிது. இரண்டு பற்களுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தை விட்டு மேலும் கீழும் இழுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே டிசைன், ஒரே விலை என்றாலும் ஒரே அட்டையில் தொங்கும் சீப்புகளில் இரண்டு தேறும், மூன்று தேறாது. பலகையிலிருந்து பல் அறுத்து மெருகேற்றிய அசிட்டேட் சீப்புகளில் இந்தக் கோடே இருக்காது. விலை பல மடங்கு. நகச் சோதனையில் தேறிய சாதாரணச் சீப்பு இருந்தால் அது அவசியமில்லை.

வாரும் முறையும் கருவியின் பாதி. முடி சொட்டச் சொட்ட ஈரமாக, வழுக்கும் எதையாவது தடவியிருக்கும்போது, நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். கண்டிஷனர் இல்லாத நாளில் செம்பருத்தி இலையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் வரும் கொழகொழப்பு போதும். அடுப்பு வேண்டாம், ஹாஸ்டல் வார்டனின் அனுமதியும் வேண்டாம்.

வேப்பமரச் சீப்பு

கோயில் வாசல் கடைகளில் கிடைப்பது, இப்போது ஆன்லைனில் நாலு மடங்கு விலையில் கிடைப்பது. எண்ணெய் வைத்த நாளில் இதற்கு இணை இல்லை. பிளாஸ்டிக்கைப் போல மின்னேற்றம் கொள்ளாது, எண்ணெயைத் தலை முழுக்கப் பரப்பும். ஈர முடியில் மட்டும் வேண்டாம். தண்ணீர் குடித்த மரம் உப்பிக் காயும்போது அதன் நார் எழும்பும். சில மாதங்களில் பற்களின் ஓரம் சொரசொரப்பாகிவிடும். குளியலறைக்குள் கொண்டுபோகாமல் அலமாரியிலேயே வைத்திருந்தால் வருடக்கணக்கில் வரும்.

டென்மன் வகை பிரஷ்

ஜான் டென்மன் டீன் 1938இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரில் வரும் பிரஷ் இது. வட அயர்லாந்துச் சரக்கு. சுருட்டை முடிக்காரர்கள் அதிகம் பேசும் மாடல் டி3: ரப்பர் மெத்தையில் ஏழு வரிசை நைலான் முட்கள். இதன் அழகு என்னவென்றால், மெத்தையை உருவி வரிசைகளை ஒவ்வொன்றாகக் கழற்றலாம், கழுவலாம், திரும்ப மாட்டலாம். அடர்த்தியான, நெருக்கமான சுருள் உள்ளவர்கள் ஒன்று விட்டு ஒரு வரிசையைக் கழற்றிவிட்டால் பிரஷ் இலகுவாக ஓடும்.

இது சிக்கு எடுக்கும் கருவி அல்ல. அந்த வேலையைச் சீப்பு முடித்த பிறகு, ஜெல்லோ கிரீமோ தடவிய ஈர முடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, பிரஷால் இழுத்து விட்டால் கலைந்த இழைகள் ஒன்றுசேர்ந்து திரளும். தளர்வான சுருளுக்குப் பலன் கண்கூடு. சுருள் இறுக இறுகப் பலன் குறைகிறது. ஸ்பிரிங் போன்ற நெருக்கச் சுருளுக்கு விரல்களே இதைவிட நன்றாக வேலை செய்கின்றன.

அசல் விலை கையைக் கடிக்கும். நகல்கள் இருநூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. நகலில் பார்க்க வேண்டியது முள்ளின் முனை. உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் சின்னப் பிசிறு இருந்தால் அது முடியைப் பிடித்து அறுக்கும். உள்ளங்கையில் அழுத்தி இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவருக்கு இந்த பிரஷுக்கு நேரம் இருக்காது. வார விடுமுறைக் கருவி என்று வைத்துக்கொள்ளலாம்.

துண்டா, டி-ஷர்ட்டா?

தேங்காய்ப்பூத் துண்டு உடம்புக்கு அருமை, சுருட்டைத் தலைக்கு ஆகாது. அதன் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கொக்கி. அதைவிட, முறுக்கிச் சுற்றித் தேய்க்கும் நம் பழக்கம் இன்னும் மோசம். மைக்ரோஃபைபர் துண்டு நன்றாக உறிஞ்சுகிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் கடின நீரில் தொடர்ந்து துவைத்தால் விறைத்துப்போகிறது.

வெற்றி பழைய பருத்தி டி-ஷர்ட்டுக்கு. கட்டில் மேல் விரித்து, குனிந்து சுருள்களை அதன் நடுவில் மடித்து விழவிட்டு, கைப்பகுதிகளைப் பின்கழுத்தில் கட்டிக்கொண்டால் சட்னி அரைக்கிற நேரத்துக்குள் சொட்டுவது நின்றுவிடும். இரண்டு கையும் ஓய்வு. ஓர் எச்சரிக்கை: கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்கோ ஆண்டு விழாவுக்கோ கொடுக்கும் டி-ஷர்ட்டுகளில் பல பாலியஸ்டர். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே போனால் தலைக்கு, உருண்டு ஓடினால் பைக் துடைக்க. மெல்லிய பருத்தித் துண்டு வைத்திருப்பவர்களுக்கு டி-ஷர்ட்டும் தேவையில்லை. தேய்க்காமல் அழுத்தி எடுத்தால் போதும்.

டிடிஎஸ் மீட்டரும் ஷவர் ஃபில்டரும்

முடி சொரசொரவென்று ஆகிறது என்றால் பலரும் முதலில் ஷாம்பூவை மாற்றுகிறார்கள். தண்ணீரைப் பார்ப்பதில்லை. பேனா அளவு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500இன்படி, ஒரு லிட்டரில் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. என் அறையின் போர் தண்ணீரில் மீட்டர் நான்கு இலக்கம் காட்டியது.

ஆனால் இந்தக் கருவி சொல்லாத ஒன்று உண்டு. அது அளப்பது மின்கடத்தல் வழியாக மொத்த உப்பை. முடியில் படிவது கால்சியமும் மக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. அதற்கு அதே தரத்தில் 200, 600 என்று தனி வரம்பு இருக்கிறது. சோடியம் மிகுந்த தண்ணீரும் மீட்டரில் பெரிய எண் காட்டும், முடிக்கு அவ்வளவு கேடு செய்யாது. இதைவிட நம்பகமான சோதனை ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீரும் கொஞ்சம் சோப்புச் சீவலும் போட்டுக் குலுக்குவது. நுரை நின்றால் நல்லது. நுரை வராமல் வெள்ளைத் திரிதிரியாகத் திரண்டால் கடின நீர். அறுபது பைசாச் சோப்பில் முடிகிற வேலைக்கு மீட்டர் வாங்க வேண்டாம்.

குழாயில் மாட்டும் ஃபில்டர்களுக்கும் என் ஓட்டு இல்லை. கார்பன் வகை குளோரினை எடுக்கும். கடினத்தன்மை போக அயனிப் பரிமாற்றப் பிசின் வேண்டும், அதை அவ்வப்போது உப்புக் கரைசலில் புதுப்பிக்கவும் வேண்டும். உள்ளங்கை அளவு டப்பாவில் அடங்கும் பிசின் சீக்கிரமே தீர்ந்துவிடும். தலைக்குக் குளித்து முடிந்ததும் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் ஒன்றிரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் நான் கண்ட மிகப் பெரிய வித்தியாசம் அதுதான்.

டிரையரும் டிஃப்யூசரும்

டிஃப்யூசர் என்பது டிரையரின் வாயில் மாட்டும் கிண்ணம். ஒரே இடத்தில் பாயும் காற்றைப் பல துளைகளாகப் பிரித்து மெதுவாக விடும். சுருள் கலையாமல், கிண்ணத்தில் உட்கார்ந்தபடியே காயும். மழைக்காலத்தில், இரவு ஷிஃப்டுக்குப் போகும் முன், இது உண்மையாகவே உதவுகிறது. குறைந்த சூடு, குறைந்த வேகம், முக்கால்வாசி காய்ந்ததும் நிறுத்தம்.

வாங்கும் முன் ஹாஸ்டல் சுவரைப் பாருங்கள். சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். டிரையரின் வாட்டை 230ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரியும். 1,200 வாட் என்றால் 5.2, தப்பித்துவிடும். 2,000 வாட் என்றால் 8.7. அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். பெட்டியில் பெரிய எண் போட்ட டிரையரால் இங்கே அனுகூலம் இல்லை. மின்செலவு பயப்படும்படி இல்லை: 1,200 வாட் கால் மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். எல்லா டிரையருக்கும் பொருந்தும் என்று விற்கும் மடக்கு சிலிகான் டிஃப்யூசர்கள் காற்றை அளவுக்கு மீறி அடைத்தால் டிரையர் சூடேறித் தானே நின்றுவிடும். டிரையரோடு சேர்ந்தே வரும் டிஃப்யூசர்தான் நல்லது.

தொப்பி, ஹெல்மெட், தலையணை

சாட்டின் தொப்பி உராய்வைக் குறைக்கும் என்பது சரி. எலெக்ட்ரானிக்ஸ் லைனில் கம்பெனித் தொப்பிக்கு அடியில் அதை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். கடையில் கிடைக்கும் சாட்டின் பெரும்பாலும் பாலியஸ்டர், உரசினால் மின்னேற்றம் சேரும். மின்னேற்றத்தை வெளியேற்ற ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டி நிற்கும் இடத்தில் அது தகராறு. சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பைக்கில் போகிறவர்கள் கழுத்தை ஒட்டித் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுக்கொள்ளலாம். கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்பக்கம் தூக்கும். முடிக்காக ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் வாங்குவது தலையை அடகு வைப்பது.

தூங்கும்போது சாட்டின் தலையணை உறை போதும். மே மாதத்தில் அது கசகசக்கும். மாவட்டத் தலைநகரான காஞ்சிபுரத்தில் ரவிக்கைக்கு வெட்டிய மிச்சப் பட்டுத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது: வழவழப்பும் உண்டு, வியர்வையும் உறிஞ்சும். ஜரிகை இல்லாத பகுதியாகப் பார்த்துத் தையுங்கள்.

ஸ்பிரே பாட்டில்

தொப்பி கழற்றியதும் நசுங்கிக் கிடக்கும் முடியை மீட்க இது போதும். விசையை ஒருமுறை அழுத்தினால் பனி போலத் தொடர்ந்து தூவும் வகையை வாங்குங்கள். கற்றாழை ஜெல் ஊற்றினால் பாட்டிலின் மூக்கு அடைத்துக்கொள்ளும், வெறும் தண்ணீர் மட்டும்.

தீர்ப்பு

நகச் சோதனையில் தேறிய அகலப் பல் சீப்பு, வீட்டில் இருக்கும் பருத்தி டி-ஷர்ட், தொடர் ஸ்பிரே, சாட்டின் உறை: எல்லாம் சேர்ந்து எழுநூறு ரூபாயைத் தாண்டாது. சேரப்பணஞ்சேரியில் குடியிருக்கும் சுருட்டை முடிக்கு முக்கால்வாசி வேலை இதிலேயே முடிந்துவிடும். பிரஷ், மழைக்கு முன் டிரையர் என்று அடுத்தடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம். மீட்டர், ஃபில்டர் இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் கேன் தண்ணீர் வாங்குங்கள்.